கறுப்புக் கிளிப்பின் இடம்: பேட்டரி இறங்கிய காரை ஸ்டார்ட் செய்யும் முறை

கார் பேட்டரி இறங்கிவிட்டால் இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்வது கால் மணி நேர வேலை. பலம் வேண்டாம், தனித் திறமை வேண்டாம். இரு முனையிலும் கிளிப் உள்ள சிவப்பு, கறுப்பு என இரண்டு கேபிளும் கொஞ்சம் நிதானமும் போதும். அப்படியிருந்தும், வாகன மின்பழுது பார்க்கும் என்னிடம் வரும் வண்டிகளில் மனத்தை மிகவும் சங்கடப்படுத்துபவை, அவசரத்தில் கேபிளை மாற்றி மாட்டிக் கெடுத்த வண்டிகள்தாம். பெரிய ஃபியூஸ் எரிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் போயிருக்கும். சிலவற்றில் எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியே போயிருக்கும். உதவ வந்தவரின் வண்டியும் பக்கத்திலேயே நிற்கும்.

இப்படி ஆனவர்களிடம் கேட்டால் பலரும் கேபிள் மாட்டும் வரிசையை மனப்பாடம் செய்தவர்களாகவே இருக்கிறார்கள். இருட்டில், மழையில், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது மனப்பாடம் கைகொடுப்பதில்லை. எந்தக் கிளிப் எதற்காக எங்கே போகிறது என்று புரிந்தவருக்கு வரிசை தானாக வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் காரணத்தோடு சேர்த்தே சொல்கிறேன்.

பேட்டரிதானா என்று முதலில் பாருங்கள்

சாவியைத் திருப்பினால் 'டகடகடக' என்று விடாமல் சத்தம் வருகிறது, டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றன என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது என்று நம்பலாம். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை இழுக்கப் போதுமான மின்சாரம் இல்லாமல், அதன் சுவிட்ச் மட்டும் ஒட்டி ஒட்டி விடுவதால் வரும் சத்தம் அது. விளக்கே எரியவில்லை, சத்தமே இல்லை என்றால் பேட்டரி அடியோடு காலியாகியிருக்கும், அல்லது டெர்மினலில் (பேட்டரி முனையில்) வயரைப் பிடிக்கும் கிளாம்ப் கழன்றிருக்கும். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, சாவி போட்டால் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் வயரையோ சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். எரிபொருளிலோ, ஸ்பார்க்கிலோ, சாவியை அடையாளம் காணும் அமைப்பிலோ கோளாறு இருக்கிறது. எத்தனை கேபிள் மாட்டினாலும் அந்த வண்டி கிளம்பாது.

ஒருமுறை ஒரு பெரியவர் புதுப் பேட்டரியைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பழையது செத்துவிட்டது. இதை மாட்டிக் கொடு" என்றார். பானட்டைத் திறந்தேன். மைனஸ் டெர்மினலின் கிளாம்ப் விரலால் தொட்டாலே சுழன்றது. அதன் அடியில் வெள்ளையும் நீலப்பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது. கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியது. பழைய பல் துலக்கும் பிரஷால் ஈயம் மின்னும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, துடைத்து இறுக்கினேன். முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. "ஐயா, புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கும் வந்தது. ஆகவே கேபிளை எடுக்கும் முன் இரண்டு கிளாம்ப்களையும் கையால் அசைத்துப் பாருங்கள்.

தொடவே கூடாத பேட்டரிகள்

பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், ஈரம் கசிந்திருந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதனோடு எந்தக் கேபிளையும் இணைக்காதீர்கள். கடுங்குளிர் நிலவும் இடங்களில் பேட்டரி உறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் அமிலம் செறிவாக இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழே பல பத்து டிகிரி போனாலும் உறையாது. காலியான பேட்டரியிலோ உள்ளே இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான். தண்ணீரைப் போலவே அதுவும் உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் வெடிக்கக்கூடும்.

வெடிக்கும் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. 1859இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வேதியியல்தான் இன்றும் பெரும்பாலான கார்களின் பானட்டுக்குள் இருக்கிறது: ஈயத் தகடுகள், நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜனுக்கு நிறமோ மணமோ கிடையாது. பேட்டரி வெடித்தால் உடைந்த பிளாஸ்டிக்கோடு அமிலமும் முகத்தை நோக்கி வரும். கண்ணாடி அணியுங்கள், பார்வைக்குப் போடும் கண்ணாடியாவது இருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஓர் உலோகச் சங்கிலி சிக்கினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். அருகில் சிகரெட் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுற்றவே செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் என்றால் இன்னும் அதிகம். வீட்டில் ஒரு பிளக் பாயிண்டில் நாம் எடுப்பது பத்துப் பதினைந்து ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கேபிள் எவ்வளவு பெரிய சுமையைத் தாங்க வேண்டும் என்பது விளங்கும்.

ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 3 மீட்டர் நீளக் கேபிள் என்றால் போக வர 6 மீட்டர் செம்பு. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் மட்டும் என்றால், 200 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே மூன்றரை வோல்ட் அளவுக்குத் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் மூன்றரை போனால் செல்ஃப் மோட்டார் முனகுவதோடு நின்றுவிடும். அதே நீளத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் சிறிய பெட்ரோல் காருக்குப் போதும். டீசல் வண்டி வைத்திருப்பவர் 25க்குக் குறையாமல் வாங்குங்கள்.

வெளியே தடிமனாகத் தெரிவதை நம்பாதீர்கள். ரப்பர் உறையைத் தடிமனாக்கி உள்ளே மெல்லிய கம்பி வைத்த கேபிள்கள் உண்டு. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் உண்டு. அது செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். கிளிப்பையும் கவனியுங்கள். பல்லுள்ள இரண்டு தாடைகளில் ஒன்றோடு மட்டுமே கம்பி சேர்ந்திருந்தால் மின்சாரம் பாதி வாயால்தான் கடிக்கிறது என்று பொருள். இரண்டு தாடைகளையும் செம்புப் பட்டையால் இணைத்த கிளிப்பே நல்லது.

வண்டிகளை நிறுத்துவது

உதவும் வண்டியும் 12 வோல்ட் பேட்டரி உடையதாக இருக்க வேண்டும். லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகள் பலவற்றில் 24 வோல்ட் அமைப்பு இருக்கும். அதிலிருந்து காருக்கு இணைத்தால் காரின் மின்னணுப் பாகங்கள் பொசுங்கிவிடும். லாரி ஓட்டுநர் எவ்வளவு நல்ல மனத்தோடு முன்வந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கேபிள் எட்டும் தூரத்தில் வண்டியை நிறுத்தலாம், ஆனால் இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உடல்கள் தொட்டால் நீங்கள் மாட்டும் முன்பே மின்பாதை ஒன்று உருவாகிவிடும். இரண்டிலும் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, இக்னிஷனை அணைத்துவிடுங்கள். இறங்கிய வண்டியில் ஹெட்லைட், ஏசி, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். முதல்நாள் இரவு மறந்துவிட்ட ஹெட்லைட் சுவிட்ச் இன்னும் அப்படியே போட்டபடி இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சாவியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மின்சாரம் வந்ததும் சில வண்டிகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். ரிமோட் வேலை செய்யாமல் கதவு திறக்கவில்லையே என்று நின்றால், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவி எடுத்து ஓட்டுநர் கதவைத் திறக்கலாம்.

பேட்டரியைத் தேடினால் பானட்டுக்குள் காணவில்லையா? டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். அத்தகைய வண்டிகள் பலவற்றில் பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனையும், அருகே எர்த் (மைனஸ் இணைப்பு) கொடுக்க ஓர் உலோகக் குமிழும் இருக்கும். அவற்றைப் பயன்படுத்துங்கள்.

நான்கு கிளிப்கள்

இனிதான் முக்கியமான இடம். பிளஸ், மைனஸ் எது என்று பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். யாரோ எப்போதோ மாற்றிப்போட்ட வயராக இருக்கலாம். குறி அழிந்துபோயிருந்தால், வழக்கமான உருளை முனைகளில் பிளஸ் முனை மைனஸைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும்.

முதல் கிளிப்: சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். ஏன் இறங்கியதில் முதலில்? சிவப்பின் மறுமுனை இன்னும் உங்கள் கையில் தொங்குகிறது. அது தவறி வண்டி உடலில் பட்டாலும், பின்னால் இருப்பது வலுவிழந்த பேட்டரி, பாதிப்பு குறைவு. நல்ல பேட்டரியில் முதலில் மாட்டிவிட்டால் கையில் தொங்கும் முனை முழு வலிமையோடு இருக்கும்.

இரண்டாவது: சிவப்பின் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்டுங்கள். இப்போது சிவப்புக் கேபிளின் இரு முனைகளும் பத்திரமான இடத்தில் இருக்கின்றன.

மூன்றாவது: கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. ஏன் சிவப்பு முடிந்த பிறகே கறுப்பு? காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்தே இருக்கிறது. ஆகவே கையில் தொங்கும் கறுப்பு முனை அந்த வண்டியின் உடலில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. கறுப்பை முதலில் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டால், அதன்பின் கையிலெடுக்கும் சிவப்பு முனை எந்த உலோகத்தில் பட்டாலும் ஷார்ட் ஆகும். இந்த மூன்றாவது கட்டத்தில் கறுப்பு முனை சிவப்புக் கிளிப்பைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கிளிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்று கிளிப்களும் பேட்டரியில் இருக்கின்றன, நான்காவதையும் பேட்டரியின் மைனஸில் வைத்துவிடலாம் என்று கை தானாகப் போகும். நிறுத்துங்கள். மின்சுற்று முழுமை பெறுவது இந்தக் கடைசி இணைப்பில்தான். அதனால் பொறி பறப்பதும் இங்கேதான். நீலம் கலந்த வெள்ளைப் பொறி, சட்டென்று ஒரு 'சடக்' சத்தம். உச்சி வெயிலிலும் கண்ணில் படும். இறங்கிய பேட்டரியின் வாயோரத்தில் ஹைட்ரஜன் இருந்தால் அதன் மேலேயே நெருப்பை வைத்ததுபோல் ஆகிவிடும்.

கறுப்பின் கடைசி முனையைப் பேட்டரியிலிருந்து முடிந்தவரை தள்ளி, இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனத்த உலோகத்தில் மாட்டுங்கள். எஞ்சினைத் தூக்குவதற்காக வைத்திருக்கும் இரும்புக் கொக்கி மிக நல்ல இடம். தடித்த போல்ட் தலையும் பரவாயில்லை. இன்னொரு லாபமும் உண்டு: செல்ஃப் மோட்டார் எஞ்சினோடுதான் திருகப்பட்டிருக்கிறது. அங்கே எர்த் கொடுத்தால் மின்சாரம் நேராக மோட்டாருக்குத் திரும்பு வழி பெறுகிறது. பேட்டரியின் உப்புப் பூத்த டெர்மினலை நம்ப வேண்டியதில்லை. பெயின்ட் அடித்த தகடு, பிளாஸ்டிக் மூடி, எரிபொருள் குழாய் இவற்றில் மாட்டாதீர்கள். பெல்ட், விசிறி சுழலும் பாதையில் கேபிள் குறுக்கிடக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எஞ்சின் அணைந்திருந்தாலும் தானாகச் சுழலத் தொடங்கலாம். கிளிப்பை வைத்ததும் இடமும் வலமுமாக ஒரு திருகு திருகுங்கள். பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடித்ததைக் கை உணரும்.

ஸ்டார்ட் செய்தல்

உதவும் வண்டியின் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் இந்த நேரத்தில் அந்த எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று முன்பின் கொடுக்கும். நிறைந்த தொட்டியையும் வற்றிய தொட்டியையும் குழாயால் இணைத்ததும் தண்ணீர் பாய்வதுபோல, வற்றிய பேட்டரிக்கு மின்சாரம் பாயும். இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காமல் உடனே சாவியைத் திருப்புகிறவர்கள்தாம் "கேபிள் போட்டும் எடுக்கவில்லை" என்று சொல்பவர்கள். முழுச் சுமையையும் மெல்லிய கேபிளே தாங்க வேண்டியிருப்பதால் அப்படி ஆகிறது. உள்ளே கொஞ்சம் சார்ஜ் ஏறியிருந்தால் அந்தப் பேட்டரியும் கைகொடுக்கும்.

பிறகு இறங்கிய வண்டியில் சாவியைத் திருப்புங்கள். ஒரு முயற்சிக்கு 5 வினாடி, மிஞ்சினால் 10. பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். செல்ஃப் மோட்டார் விட்டுவிட்டு வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. விடாமல் சுற்றினால் உள்ளே சுருள் கருகிவிடும். மூன்று முறையும் முனகலோடு நின்றால், கிளிப்களை மறுபடி திருகிக் கடிக்கவைத்து, இன்னும் பத்து நிமிடம் சார்ஜ் ஏறவிடுங்கள். அதற்கும் அசையாத பேட்டரிக்குள் ஏதாவது ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதை இனி எழுப்ப முடியாது.

எஞ்சின் பிடித்துவிட்டதா? உடனே கேபிளைப் பிடுங்காதீர்கள். இரண்டு வண்டிகளும் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். எழுந்த வண்டியில் ஏசி விசிறியையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் போடுங்கள். கேபிளை எடுக்கும் கணத்தில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் சட்டென்று எகிறும். அந்த எகிறலை வாங்கிக்கொள்ள ஏதாவது ஒரு சுமை வேண்டும். ஹெட்லைட்டை அதற்குப் பயன்படுத்தினால் பல்ப் போய்விடலாம், ஆகவே அதை அணைத்தே வையுங்கள்.

எடுக்கும் வரிசை மாட்டிய வரிசையின் தலைகீழ். எழுந்த வண்டியின் எஞ்சினில் இருக்கும் கறுப்பு, நல்ல பேட்டரியில் இருக்கும் கறுப்பு, நல்ல பேட்டரியின் சிவப்பு, கடைசியாக எழுந்த பேட்டரியின் சிவப்பு. பேட்டரிக்குத் தள்ளியிருக்கும் கிளிப்பை முதலில் எடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான்: சுற்றைப் பிரிக்கும்போதும் பொறி வரும். எடுத்த முனைகள் ஒன்றையொன்று தொடாமல் கவனியுங்கள். "எஞ்சின் ஓடுகிறதே, பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மிகப் பழைய வண்டிகளின் காலத்து வழக்கம் அது. இன்றைய வண்டியில் அப்படிச் செய்தால் மின்னணுப் பெட்டிகள் பலியாகும்.

வேறு வகை வண்டிகள்

ஹைப்ரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் விளக்கு, பூட்டு, கணினி இவற்றுக்காகப் பெரும்பாலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கும். அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி விழிக்காது. அந்தச் சிறிய பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் கொடுக்க வழி உண்டு. கையேட்டில் காட்டியிருக்கும் முனையில் மட்டும் கொடுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது. அதில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது. இவற்றைக் கொண்டு வேறு வண்டிக்கு உதவப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை.

சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து எழும் வண்டிகளில் மைனஸ் டெர்மினலின் மேலேயே ஒரு சிறிய உணரி உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் வரும் போகும் மின்சாரத்தைக் கணக்கு வைப்பது அதன் வேலை. கறுப்பை எஞ்சினில் மாட்ட இது இன்னொரு காரணம். இவ்வகை வண்டி உதவும் வண்டியாக இருந்தால் அங்கும் கறுப்பை எர்த் முனையில் மாட்டச் சொல்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள்.

பக்கத்தில் வேறு வண்டியே இல்லாதவர்களுக்குக் கைக்கு அடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் மனமாரச் சொல்வேன். சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை எஞ்சின் உலோகத்திலும் (சாதனத்தின் கையேடு மைனஸில் மாட்டச் சொன்னால் மைனஸிலும்) மாட்டி ஸ்டார்ட் செய்துவிடலாம். மாற்றி மாட்டினால் எச்சரிக்கும் பாதுகாப்பு பலவற்றில் உண்டு. ஆனால் அடியோடு காலியான பேட்டரிக்காக வைத்திருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும் சாதனங்களும் இருக்கின்றன. அழுத்தும் முன் இரண்டு கிளிப்களையும் மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். வெயிலில் கொதிக்கும் காருக்குள் போட்டுவைக்க வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். இக்னிஷனைப் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்து, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். எஞ்சின் பிடிக்கும் வரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகக் கனக்கும் என்பதால் இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. பெட்ரோல் வண்டியில் எரியாத எரிபொருள் புகைபோக்கியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ஸ்டார்ட் ஆன பிறகு

வீட்டுக்கு வந்து அணைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி கேபிளைத் தேடுகிறவர்கள் ஏராளம். ஈய-அமில பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை வாங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறவே மணிக்கணக்கில் ஆகும். அரை மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அது மறுமுறை ஸ்டார்ட் ஆவதற்கான குறைந்தபட்சமே தவிர முழுச் சார்ஜ் அல்ல. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடவிட்டால் ஏறுவது சொற்பம். முடிந்தால் ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் போடுவதே சரி. காலியான பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகங்கள் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது.

வோல்ட் அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 13க்குக் கீழேயே நின்று, டாஷ்போர்டில் பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கும் எரிந்தால் குற்றவாளி ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான். நன்றாகச் சார்ஜ் செய்து, இரவு முழுவதும் ஓய்வு கொடுத்துக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8க்குக் கீழே போனால் காலி.

சார்ஜ் நன்றாக நின்றால், இறங்கியதற்குக் காரணம் வெளியே இருக்கிறது. 55 வாட் ஹெட்லைட் இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை ஐந்து மணி நேரத்துக்குள் வற்ற வைத்துவிடும். ஒன்றுமே போடாமல் நிற்கும் வண்டியும் கடிகாரம், அலாரம் என்று மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 30 நாளில் 36. மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மைனஸ் கிளாம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்.

வெளியே காரணம் ஏதும் இல்லை, பேட்டரிக்கும் நான்கு ஐந்து வயதாகிவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். பிளஸைத் தளர்த்தும் ஸ்பேனர் உடலில் பட்டாலும் அப்போது ஷார்ட் ஆகாது. புதியதை மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் பிறகு. பழையதன் அளவும், டெர்மினல் இருக்கும் பக்கமும், வகையும் புதியதற்குப் பொருந்த வேண்டும். தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்று செய்த பேட்டரிதான் தாங்கும்; அவற்றில் சிலவற்றுக்குப் புதுப் பேட்டரி வந்திருப்பதை ஸ்கேனர் கொண்டு வண்டியின் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். பேட்டரியைத் தட்டோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டையையும் இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் குலுக்கலில் உள்ளே தகடுகள் உதிர்ந்து, புதியதும் சீக்கிரமே படுத்துவிடும்.